கீழ்த்தளம் குட்டிகளுக்கு

கினி பிக்குக்குக் கூண்டு செய்யச் சொல்லி என் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு மாடிதான் கேட்கிறார்கள். பெங்களூரில் இடத்தின் நிலைமை அப்படி. அடுக்குமாடி பால்கனியில் நாலடிக்கு இரண்டடி ஒதுக்குவதே பெரிய காரியம். அதிலேயே மேலே ஒரு தளம் போட்டுக் கொடுங்கள் என்பார்கள். கைபேசியில் படம் காட்டுவார்கள். சரிவான கூரை, முகப்பில் சின்ன ஜன்னல், நடுவில் ஏணி என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். "எத்தனை உருப்படி இருக்கப் போகிறது?" என்று கேட்பேன். "இரண்டு பெண் மட்டும்தான் மேஸ்திரி" என்று பதில் வரும். என் அளவு நோட்டில் நான் இரண்டு என்று மட்டும் எழுதுவதில்லை. குட்டிகளும் உண்டு என்று சேர்த்து எழுதிக்கொள்வேன்.

அதற்குக் காரணம் உண்டு. கினி பிக் சினையாக இருப்பது வாங்குகிறவர் கண்ணுக்கு லேசில் தெரியாது. விற்கிற இடங்கள் பலவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கிடக்கும். ஆண் குட்டி பிறந்து மூன்று வாரத்திலேயே இணை சேரத் தயாராகிவிடும். பெண் குட்டிக்கு நான்கைந்து வாரம் போதும். சினைக்காலம் 59 நாளிலிருந்து 72 நாள் வரை. ஆக, ஒன்றரை மாதக் குட்டி என்று ஆசையாக வாங்கி வந்தது, இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் தன் குட்டிகளோடு உட்கார்ந்திருக்கும். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் கினி பிக்கையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் விதி வந்த பிறகும் பல இடங்களில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தான். இப்படி எதிர்பாராமல் குட்டி போட்ட வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வரும். "அண்ணா, மேலேயிருந்து ஒரு குட்டி விழுந்துடுச்சு. கால் இழுக்குது. என்ன பண்றது?" விழுந்த பிறகு ஆசாரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, டாக்டரிடம்தான் ஓட வேண்டும். விழாமல் இருக்கச் செய்வதுதான் என் வேலை. எந்தக் கூண்டு செய்தாலும் நாளைக் காலையில் அதில் குட்டி பிறக்கப் போகிறது என்று நினைத்துச் செய்ய வேண்டும். என் பட்டறையில் வேலை கற்க வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் அப்பா அல்சூரில் கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக்காரர்களுக்குப் புறாக் கூண்டு அடித்துக் கொடுப்பார். பெங்களூரில் புறா வளர்த்துப் பந்தயம் விடுகிறவர்கள் அன்றும் இன்றும் நிறைய. புறாக் கூண்டிலிருந்து முயல் கூண்டு, முயல் கூண்டிலிருந்து கினி பிக் கூண்டு என்று கை பழகியது. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு கினி பிக் வேலைதான் அதிகம். நாய் வளர்க்க இடமும் நேரமும் இல்லாத வீடுகளில், குழந்தைகள் கேட்கிறார்கள் என்று இதை வாங்கிவிடுகிறார்கள்.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் இரண்டு மாடிக் கூண்டுகளில் பெரும்பாலானவை முயலை மனதில் வைத்துச் செய்தவை. கோளாறு அங்கே ஆரம்பிக்கிறது. முயலின் பின்னங்காலைப் பாருங்கள், அது தாவுவதற்கென்றே அமைந்தது. செங்குத்தான பலகையில் இரண்டே எட்டில் ஏறிவிடும். முயல் குட்டி பிறக்கும்போது உடம்பில் ரோமம் இருக்காது. கண் திறக்கவே பத்து நாள் ஆகும். அதுவரை தாய் பறித்துப் போட்ட ரோமத்துக்குள் ஒரே இடத்தில் கிடக்கும். அதனால் முயல் கூண்டில் கொஞ்ச நாளைக்குக் குட்டி எங்கே போகும் என்ற கவலை இல்லை.

கினி பிக் குட்டி அதற்கு நேர்மாறு. தாய் வயிற்றிலேயே நீண்ட நாள் இருந்து முழுதாக வளர்ந்துதான் வெளியே வருகிறது. பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், ரோமம் இருக்கும், பல்லும் முளைத்திருக்கும். சில மணி நேரத்தில் நடக்கும். முதல் நாளிலேயே தாய் தின்னும் புல்லைத் தானும் கொறித்துப் பார்க்கும். எடை 70, 80 கிராம், மிஞ்சினால் 100 கிராம். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்த கனம் தெரியும். அந்தச் சின்ன உடம்பு பிறந்த அன்றைக்கே தாயின் பின்னால் கூண்டு முழுக்கச் சுற்றும். தாய் மாடி ஏறினால் அதுவும் ஏறப் பார்க்கும். ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது.

இந்தப் பிராணியின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வீட்டில் வளர்க்கிறார்கள். பெருவில் இன்றைக்கும் மலைக் கிராமங்களில் அடுப்படித் தரையில் சுற்றிக்கொண்டிருக்கும். மலையிலிருந்து வந்ததுதானே, ஏறத் தெரியாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மலையில் இருந்தாலும் அது புல்வெளித் தரையில் வாழும் பிராணி. உயரமான புல்லுக்குள் பாதை போட்டு அதற்குள்ளேயே ஓடும். மரம் ஏறாது, பாறை தாவாது. பயந்தால் அசையாமல் நிற்கும், இல்லாவிட்டால் கண்மண் தெரியாமல் எதிரே ஓடும். எவ்வளவு பள்ளம் என்று கணக்குப் போட்டு நிற்கும் பழக்கம் அதன் இரத்தத்தில் இல்லை. விளிம்பு வந்தால் பூனை நின்றுவிடும். கினி பிக் ஓடுகிற ஓட்டத்தில் போய் விழும். குட்டை கால், நீண்ட முதுகு. இரண்டடியிலிருந்து விழுந்தால் கால் முறியும், முதுகெலும்பும் போகலாம்.

ஆகவே மாடி கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: கீழ்த்தளம் மட்டுமே முழு வீடாக இருக்க வேண்டும். இரண்டு பெரியவற்றுக்கு ஏழெட்டு சதுர அடித் தரை தேவை. நாலடிக்கு இரண்டடி என்றால் எட்டு சதுர அடி. அது கீழேயே கிடைத்துவிட வேண்டும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அடி சேர்த்துக் கணக்குக் காட்டினால் அவற்றுக்குப் பயனில்லை. அவை ஓடுவது நேராக. ஓடுவதற்கு நீளம் ஒரே தளத்தில் வேண்டும். மாடியை அடைத்துவிட்டாலும் தாயும் குட்டிகளும் கீழே நெருக்கமில்லாமல் இருக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் நான் மேல்தளத்துக்கே போவேன்.

இனி சரிவுப் பலகை. இதில்தான் என் நேரம் பாதி போகிறது. கடைக் கூண்டுகளில் நான் அளந்து பார்த்தவை பதினெட்டு அங்குல உயரத்துக்கு இரண்டடிப் பலகை என்ற கணக்கில் இருக்கும். அது கிட்டத்தட்ட 50 டிகிரி. பெரியதே வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் இறங்கும். நான் கீழ்த்தளத்தின் உயரத்தைக் குறைத்து, தரையிலிருந்து மேல்தளம் வரை பதினைந்து அங்குலம் வைக்கிறேன். பலகை நீளம் மூன்றடி. அப்போது சரிவு 25 டிகிரிக்குள் அடங்கும். பின்பக்கச் சுவரை ஒட்டி வைத்துவிட்டால் நடுத்தரை காலியாக இருக்கும். அகலம் ஒன்பது அங்குலம். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கினால் இரண்டும் ஒதுங்கிப் போக இடம் வேண்டும். குறுகிய பலகையில் எதிரெதிரே வந்தால் சின்னதுதான் கீழே விழும்.

பலகையின் குறுக்கே படி வைப்பதிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பெரியதின் எட்டுக்குக் கணக்காக நாலு அங்குலத்துக்கு ஒரு ரீப்பர் துண்டு அடித்துவிடுவார்கள். புதுக்குட்டியின் மொத்த நீளமே மூன்று நாலு அங்குலம்தான். இரண்டு படிக்கு நடுவே அது வழுக்கி, மோவாய் அடுத்த படியில் இடித்து நிற்கும். நான் அரை வட்டமாக இழைத்த மெல்லிய பீடிங்கை ஒன்றரை அங்குல இடைவெளியில் ஒட்டி, மேலே ஒரு பிளீஸ் துணியை இழுத்து விளிம்பைப் பலகைக்கு அடியில் மடித்துப் பொருத்துகிறேன். துணி அழுக்கானால் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். தேங்காய் நார் மிதியடியை வெட்டிப் போடச் சொல்லிக் கேட்பார்கள், பிடிப்பு நன்றாக இருக்குமே என்று. அது குட்டியின் நகத்தைப் பிடித்துக்கொள்ளும். கொறித்து விழுங்கினால் வயிற்றிலும் சிக்கும். நான் போடுவதில்லை.

பலகையின் இரு பக்கமும் ஆறு அங்குல உயரத்துக்கு முழுப் பலகைத் தடுப்பு. கம்பி நட்டுக் கைப்பிடி வைப்பது பார்க்க நன்றாக இருக்கும். குட்டி கம்பிக்கு நடுவே நுழைந்துவிடும். தடுப்பு மூன்று அங்குலம் போதுமே, அதுதான் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்பார்கள். கினி பிக் குட்டி சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலிருந்தே நேராக மேலே துள்ளும், துள்ளும்போது உடம்பை முறுக்கித் திசை மாறி விழும். அதைப் பார்த்தவர்களுக்கு மூன்று அங்குலம் ஏன் போதாது என்று விளக்க வேண்டியதில்லை.

சரிவுப் பலகையின் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பலகை தரையைத் தொடும் இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஓர் இடுக்கு உண்டாகிறது. வாய் அகலமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும். இருட்டான மூலை என்றால் குட்டிக்குப் பிடிக்கும். பயந்தால் அங்கேதான் ஓடும். தலையை நுழைத்து முன்னே முன்னே போய் ஓரிடத்தில் இறுகிவிடும். பின்னால் வரத் தெரியாது. மேலே பெரியது ஒன்று ஏறினால் பலகை கொஞ்சம் வளையும். அந்த வளைவே போதும். ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டில் வெளிக்கடையில் வாங்கிய கூண்டைப் பழுது பார்க்கப் போயிருந்தபோது, ஒரு குட்டியைக் காணோம் என்று அந்த அம்மா தேடிக்கொண்டிருந்தார்கள். கூண்டில் எங்கேயும் ஓட்டை இல்லை. நான் டார்ச்சை அடித்துப் பலகைக்கு அடியில் பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் விரிந்து, உடம்பு தரையோடு ஒட்டிக் கிடந்தது. விலா மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கீலின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையைத் தூக்கியதும் ஒரு நொடி அப்படியே கிடந்து, பிறகு எழுந்து தாயின் வயிற்றுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. அது பிழைத்தது. அன்றிலிருந்து, பலகைக்கும் தரைக்கும் நடுவே ஐந்து அங்குலத்துக்குக் குறைவாக உயரம் உள்ள பகுதியை முக்கோணப் பலகை வெட்டி இரு பக்கமும் அடைத்துவிடுகிறேன். அதற்கு மேல் உயரமான பகுதி திறந்தே இருக்கலாம். அது நல்ல ஒளிவிடம்.

மேலே போகும் வாய்க்கு ஒன்பதுக்குப் பதினாலு அங்குலம் கணக்கு. அதற்குக் குறைந்தால் ஏறும்போது முதுகு இடிக்கும். வாயின் மூன்று பக்கமும் மேல்தளத்தில் ஆறு அங்குலத் தடுப்பு. ஏறி வரும் பக்கம் மட்டும் திறப்பு. மூடிதான் இந்தக் கூண்டின் உயிர். பலர் கீல் போட்டுத் தூக்கி மூடும் கதவாக வைப்பார்கள். கை நழுவினால் அது குட்டியின் மேல் விழும். கீல் பக்கத்து இடுக்கில் கால் மாட்டும். நான் தளப்பலகைக்கு அடியில் இரு பக்கமும் காடி எடுத்து, தள்ளி மூடும் பலகையாகப் போடுகிறேன். கைப்பிடி கூண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு டவர் போல்ட் போட்டால் குழந்தைகளால் இழுக்க முடியாது. மூடும்போது கண்ணால் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தள்ள வேண்டும் என்பதை மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிடுவேன்.

குட்டி எப்போது மாடி ஏறலாம் என்று கேட்டால் என் கணக்கு எட்டு வாரம். மூன்று வாரத்தில் பால்குடி மறக்கும், எடை 180 கிராமுக்கு வரும். ஆனால் அந்த வயதில் துள்ளல்தான் அதிகம். எட்டு வாரத்துக்குப் பிறகு, பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது திறந்துவிடுங்கள் என்பேன். சினையாக இருக்கும் தாய்க்கும் கடைசி வாரங்களில் மாடி வேண்டாம். குட்டிகளின் எடை தாயின் எடையில் பாதியைத் தொடும் நேரம் அது. சரிவில் ஏறி இறங்குவது அவளுக்கும் ஆபத்து.

அப்படியானால் மாடி எதற்கு என்று கேட்கலாம். மாடிக்கு ஓர் உண்மையான உபயோகம் இருக்கிறது, அதை யாரும் கேட்டு வருவதில்லை. கினி பிக் தாய் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும். ஆண் பக்கத்தில் இருந்தால் ஒரு பிரசவத்தின் களைப்பு தீருமுன்னே அடுத்தது தொடங்கிவிடும். ஆகவே பிரசவத்துக்கு முன்பே ஆணைப் பிரித்துவிட வேண்டும். மூன்று வாரம் ஆனதும் ஆண் குட்டிகளையும் தாயிடமிருந்தும் அக்கா தங்கைகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும். பெங்களூர் பால்கனியில் இரண்டாவது கூண்டுக்கு இடம் கிடையாது. அதனால் நான் மேல்தளத்தை அரைத்தளமாக விடாமல் கீழ்த்தளத்தின் அளவுக்கே முழுத்தளமாகப் போடுகிறேன். தனிக் கதவு, தனித் தண்ணீர் பாட்டில், தனி ஒளிவிடம். வாயை அடைத்துவிட்டால் சின்னது சரிவில் விழும் பயமும் இல்லை; மேலே ஆண்கள், கீழே பெண்கள் என்று இரண்டு வீடு. இந்த ஊரில் இரண்டு மாடிக் கூண்டுக்கு நான் சம்மதிப்பதே இதற்காகத்தான்.

மேல்தளம் கீழ்த்தளத்துக்குக் கூரையும் ஆகிறது. மேலே இருப்பதின் மூத்திரம் கீழே சொட்டக் கூடாது. பிறந்த குட்டி நனைந்து குளிர்ந்தால் தாங்காது. பலகை இணைப்பே இல்லாமல் ஒரே பிளைவுட் துண்டு, அதன் மேல் வினைல் விரிப்பு; விரிப்பின் விளிம்பை நான்கு பக்கமும் சுவரில் இரண்டு அங்குலம் ஏற்றி மேலே பீடிங் அடித்துவிடுவேன். விளிம்பு வெளியே தெரிந்தால் ஒரே ராத்திரியில் கொறித்துவிடும். கினி பிக் மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். காய்ந்தால் வெள்ளைப் படலமாகப் படியும். அதைக் கத்தியால் சுரண்டி விரிப்பைக் கிழிக்காதீர்கள். வினிகரை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் போய்விடும். தரையில் கம்பி வலை போட்டால் அழுக்கு தானாகக் கீழே விழுமே என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு பணம் கொடுத்தாலும் நான் போட்டுத் தரமாட்டேன். பெரியதுக்குப் பாதம் புண்ணாகும், குட்டிக்குக் கால் வலைக் கண்ணில் இறங்கி முறியும்.

பக்கச் சுவருக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ். கோழி வலை உதவாது. பூனை பிய்த்துவிடும், பெருச்சாளி கடித்துவிடும். ஒரு அங்குலக் கண்ணில் குட்டி மூக்கை நுழைத்துத் தலையை மாட்டிக்கொள்ளும். வெளியே இருக்கும் பூனையின் பாதமும் அதே கண்ணில் உள்ளே வரும். மெஷ்ஷைச் சட்டத்தின் உள்பக்கம் அடிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பது மரத்தைக் கொறிக்காது, வெளியிலிருந்து இழுத்தாலும் ஸ்டேப்பிள் பிடுங்கி வராது. வெட்டின முனைகள் ஊசி ஊசியாக நிற்கும். கையால் தடவிப் பார்த்து எல்லாவற்றையும் பீடிங்குக்குள் புதைக்க வேண்டும். இந்த ஊரில் எலி, பெருச்சாளி, பூனை மட்டும் இல்லை. வானத்தில் பருந்து எந்நேரமும் வட்டமிடும். சில பகுதிகளில் குரங்கு வரும். பத்தாவது மாடிப் பால்கனிதானே என்று மேல்பக்கத்தைத் திறந்து வைக்கிறவர்கள், அங்கே புறா வந்து உட்கார்வதைப் பார்க்கிறார்கள். புறா வரும் இடத்துக்குப் பருந்தும் வரும் என்பதை நினைப்பதில்லை.

வேலை முடிந்ததும் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். கட்டைவிரலைக் கூண்டின் எல்லாச் சந்திலும் நுழைத்துப் பார்ப்பேன். கதவின் கீழ், மூடியின் ஓரம், தடுப்பு சேரும் மூலை, தண்ணீர் பாட்டிலுக்கு விட்ட ஓட்டை, எல்லாமே. விரல் நுழைந்தால் அந்த இடத்தை அடைக்காமல் கூண்டு வண்டியில் ஏறாது.

கதவில் ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தை நினைத்து நான் கூண்டுக்கு உயரமான கால் வைக்கிறேன். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் கால் உயர்ந்தால் கதவிலிருந்து விழும் உயரமும் கூடுகிறது. கதவைத் தரை மட்டத்திலிருந்தே திறக்கும்படி வைத்தால், சாப்பாடு வருகிறது என்று குட்டிகள் எல்லாம் வாசலுக்கு ஓடி வந்து நிற்கும். திறந்ததும் முன்னால் நிற்பது சிமெண்டுத் தரையில் விழும். கதவுக்குக் கீழே ஆறு அங்குலத்துக்கு அசையாத பலகை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கதவு அதற்கு மேலேதான் தொடங்க வேண்டும். கூட்டிப் பெருக்கச் சிரமம் என்று சில வீட்டில் சொல்வார்கள். அந்தப் பலகையையும் காடியில் இறக்கி, குட்டிகள் வளர்ந்த பிறகு உருவி எடுக்கும்படி செய்து கொடுத்துவிடுவேன்.

மர விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம். கினி பிக்கின் பற்கள் இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறிப்பது அதற்கு உணவைப் போலவே தேவை. கூண்டின் எந்தப் பாகமும் அதன் வாய்க்குள் போகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பீன்யா, பொம்மசந்திரா தொழிற்சாலைகளிலிருந்து பேக்கிங் பேலட் மரம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாம், ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து. எச்.டி. என்றிருந்தால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெதில் புரோமைடு புகை போட்டது. இரண்டாவதைத் தொட வேண்டாம். முத்திரையே இல்லாததையும், எண்ணெய் கறை பட்டதையும் விட்டுவிடுங்கள். குடகுக் காப்பித் தோட்டத்திலிருந்து வரும் சில்வர் ஓக் சட்டத்துக்கு நல்லது, விலையும் கட்டுப்படியாகும். ரப்பர் மரம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊற வைத்தது என்பதால் குட்டி இருக்கும் கூண்டுக்கு நான் எடுப்பதில்லை.

அதைவிடப் பெரிய பயம் எனக்குப் பழைய மரத்தில். காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் பழைய பங்களாக்களை இடிக்கும்போது தேக்குக் கதவுகள் வெளியே வரும். அருமையான மரம், இன்றைக்கு அப்படி வைரம் பாய்ந்தது கிடைக்காது. "மேஸ்திரி, பாட்டி வீட்டுக் கதவு, இதிலேயே செய்து கொடுங்க" என்று பிரியமாகக் கொண்டுவருவார்கள். அந்தக் கதவில் தலைமுறை தலைமுறையாக அடித்த பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று கண்ணால் சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசு என் பையன்களின் நெஞ்சுக்குள் போகும். அப்படிக் கொண்டுவருகிறவர்களிடம், அதில் உங்களுக்கு ஒரு பெட்டி செய்து தருகிறேன், கூண்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கூண்டின் உள்பக்கம் நான் பெயிண்டோ வார்னிஷோ எதுவும் அடிப்பதில்லை. வழவழவென்று இழைத்துவிட்டாலே போதும்.

பெங்களூர் குளிர்ந்த ஊர் என்ற நம்பிக்கையில் வெயிலை மறந்துவிடுகிறார்கள். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம் என்பது உண்மைதான். ஆனாலும் 2016 ஏப்ரல் 24 அன்று இங்கே 39.2 டிகிரி அடித்தது. கினி பிக்குக்கு 20ஐ ஒட்டிய வெப்பம் இதம். 30ஐத் தொட்டால் திணறும். அதற்கு வேர்க்காது, நாயைப் போல நாக்கை நீட்டி இளைத்துச் சூட்டைத் தள்ளவும் வராது. மேற்கு பார்த்த பால்கனியில் பிற்பகல் வெயிலில் மேல்தளம் அடுப்பாகிவிடும். தகரக் கூரை வேண்டவே வேண்டாம்; பிளைவுட் கூரைக்கு மேலே ஒரு அங்குல இடைவெளி விட்டு இன்னொரு பலகை போட்டால் நடுவில் காற்று ஓடும். கீழ்த்தளத்தில் ஒரு பழைய மங்களூர் ஓட்டைக் கழுவித் தட்டையாகப் பதித்து வையுங்கள். வெயில் நேரத்தில் தாயும் குட்டியும் அதன் மேல்தான் படுக்கும். நகமும் கொஞ்சம் தேயும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் குளிருக்கு மறைப்பாகச் சாக்குத் தொங்கவிடுவார்கள். ஓரத்தை மடித்துத் தைத்துத் தொங்கவிடுங்கள், பிரிந்த நூல் குட்டியின் விரலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

உள்ளே வைக்கும் சாமான்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். புல் வைக்கும் கம்பித் தொட்டி, கம்பி உருண்டை இவற்றைக் குட்டிகள் வளரும்வரை எடுத்துவிடுங்கள். தலையை விட்டுத் தொங்கும். அருகம்புல்லைத் தரையிலேயே போடலாம். அடுத்தது ஒளிவிடம். அதற்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியது ஒன்று வாசலில் உட்கார்ந்து சின்னதை உள்ளே அடைத்துவிடும். செங்கல்லையும் கருங்கல்லையும் அடுக்கிக் குகை கட்ட வேண்டாம், சரிந்தால் குட்டிமேல்தான் சரியும்.

தச்சு வேலைக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும் ஒரு விஷயம், ஆனால் சம்பந்தம் உண்டு. நம்மைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது. 1907இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் இருவரும் ஸ்கர்வி நோயைப் பற்றி இந்தப் பிராணியை வைத்துத்தான் ஆராய்ந்து எழுதினார்கள். அந்தச் சத்து குறைந்தால் மூட்டு வீங்கும், வலிக்கும், ஈறு கசியும். நேற்றுவரை ஏறியது இன்றைக்குச் சரிவின் அடியில் நின்று தயங்குகிறது என்றால் வீட்டார் என்னைக் கூப்பிட்டுப் பலகை வழுக்குகிறது என்பார்கள். நான் போய்ப் பலகையைத் தொட்டுப் பார்ப்பேன். பிறகு என்ன தின்னக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பேன். வெறும் வெள்ளரி மட்டும் என்றால் எனக்குப் புரிந்துவிடும். தினமும் கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், சின்னத் துண்டு கொய்யா கொடுங்கள். அப்படியே கினி பிக் பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி வருவேன். எல்லாக் கால்நடை மருத்துவரும் இதைப் பார்ப்பதில்லை. கூண்டு வாங்கும் முன்பே அப்படி ஒருவர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று விசாரித்து நம்பரை வாங்கிக் கதவில் ஒட்டி வைத்துவிடுவது நல்லது.

இந்தக் கூண்டுக்குக் கடைக் கூண்டைவிட விலை கூடத்தான் ஆகும். முழுத்தளம், அடைத்த சரிவு, தள்ளு மூடி எல்லாம் மரமும் கூலியும் கேட்கிற வேலை. கையில் பணம் குறைவு என்றால் நான் சொல்வது, மாடியை விட்டுவிடுங்கள். நாலடிக்கு இரண்டடியில் ஒற்றைத் தளம், அரை அங்குல மெஷ், ஆறு அங்குல வாசற்பலகை, இது போதும். குட்டிகள் அதில் பத்திரமாக வளரும். ஏற்கெனவே மாடிக் கூண்டு வைத்திருக்கிறவர்கள் இன்று மாலை வீட்டுக்குப் போனதும் சரிவுப் பலகையின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், மேலே போகும் வாயை அளந்து ஒரு பலகையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது பெண் என்றால், குட்டி பிறந்த பிறகு ஆசாரியைத் தேடாதீர்கள். இப்போதே கூப்பிடுங்கள்.